பஸ் ஓட்டுபவர் தொழிலாளி, பாடம் நடத்துபவர் யார்?

காலை ஏழு மணிக்கு அம்பத்தூர் ஓ.டி. பக்கம் நின்றால் இரண்டு வகை பஸ்களைப் பார்க்கலாம். ஒன்று, எஸ்டேட் கம்பெனிகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போகும் பஸ். இன்னொன்று, ஆவடி, பூந்தமல்லி, திருவள்ளூர் பக்கம் இருக்கிற கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் மாணவர்களை ஏற்றிப் போகும் பஸ். இரண்டையும் ஓட்டுபவர்களிடம் இருப்பது ஒரே மாதிரி லைசென்ஸ். ஓட்டுவது அதே சி.டி.எச். ரோடு. மாட்டிக்கொள்வது அதே டிராபிக்.

ஆனால் சட்டம் இந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாகப் பார்த்ததில்லை. 1963-லிருந்து 1978 வரை, கம்பெனி பஸ் ஓட்டியவர் "தொழிலாளி". கல்லூரி பஸ் ஓட்டியவர் தொழிலாளி இல்லை. 1978-க்குப் பிறகு அவரும் தொழிலாளி ஆனார். அதோடு கதை முடிந்திருக்கலாம். முடியவில்லை. அந்த பஸ்ஸிலேயே முன் சீட்டில் உட்கார்ந்து கல்லூரிக்குப் போகிறாரே லெக்சரர், இப்போது அவர் வெளியே நின்றார். டிரைவருக்குக் கிடைத்த பணம் அவருக்குக் கிடைக்காமல் போனது. கேட்கக் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும், ஆனால் நடந்தது இதுதான்.

முதலில் ஒரு பல்கலைக்கழகத்தில் யார் யார் வேலை பார்க்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். மாணவர்கள் கண்ணில் படுவது பேராசிரியர்களும் ஃபீஸ் கவுண்டரில் இருப்பவரும்தான். உள்ளே போனால் பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், கண்காணிப்பாளர், உதவியாளர், இளநிலை உதவியாளர், தட்டச்சர், பதிவறை எழுத்தர், லேப் அட்டெண்டர், எலக்ட்ரீஷியன், தோட்டக்காரர், வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர், டிரைவர் என்று பட்டியல் நீளும். நிர்வாகம் இவர்களையெல்லாம் இரண்டு கூடைகளில் போடும்: ஆசிரியர்கள், ஆசிரியர் அல்லாதவர்கள். அப்புறம் அரசு பாணியில் 'ஏ' பிரிவு, 'பி' பிரிவு என்று சம்பளத்தை வைத்து இன்னொரு அடுக்கு. ஆசிரியர்களுக்கு யு.ஜி.சி. தனியாக ஒரு ஏணி வைத்திருக்கிறது. முன்பு லெக்சரர், ரீடர், பேராசிரியர் என்று இருந்தது, ஆறாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று மாறியது. ரீடர் என்ற பழைய பெயர் அதோடு மறைந்தது.

இப்படி வகை பிரிப்பதெல்லாம் வெறும் ஆபீஸ் சமாச்சாரம், இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். சிதம்பரத்தைப் பாருங்கள். 1929-ல் ஆரம்பித்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் தமிழக அரசு தனிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. அப்போது அங்கே ஊழியர்கள் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல். தேவைக்கு மிக அதிகம் என்று அரசு கணக்குப் போட்டது. அடுத்தடுத்த வருடங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் "பணிநிரவல்" என்ற பெயரில் வெளியே அனுப்பப்பட்டார்கள். ஆசிரியர் கூடையில் இருந்தவர்கள் அரசுக் கல்லூரிகளுக்கு, மற்றவர்கள் எங்கெங்கோ இருக்கும் அரசு அலுவலகங்களுக்கு. எந்த ஊருக்கு, எந்த நாற்காலிக்குப் போகவேண்டும் என்பதை அந்தக் கூடைதான் தீர்மானித்தது.

ஆனால் இது நிர்வாகம் போடும் வகை. சட்டம் போடும் வகை வேறு. அதற்கு 1947-க்குப் போகவேண்டும்.

அந்த வருடம் ஏப்ரல் 1-ல் தொழில் தகராறுகள் சட்டம் அமலுக்கு வந்தது. சுதந்திரத்துக்கு நாலரை மாதம் முன்பு. வேலையை விட்டு நிறுத்தினால் நோட்டீஸ் கொடுக்கவேண்டும், ஆட்குறைப்பு என்றால் வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தரவேண்டும் என்பதெல்லாம் இந்தச் சட்டத்தின் கீழ் வந்தவைதான் (இழப்பீட்டுப் பகுதி 1953-ல் சேர்க்கப்பட்டது). இந்த உரிமைகளுக்கு இரண்டு கதவுகள் உண்டு. முதல் கதவு: வேலை பார்க்கும் இடம் "தொழில்" ஆக இருக்கவேண்டும். இரண்டாவது கதவு: வேலை பார்ப்பவர் "தொழிலாளி" ஆக இருக்கவேண்டும். இரண்டையும் தாண்டினால்தான் உள்ளே போகமுடியும். அம்பத்தூரில் 1949-ல் சைக்கிள் கம்பெனி வந்தபோதோ, அறுபதுகளில் எஸ்டேட் வந்தபோதோ முதல் கதவு பற்றி யாருக்கும் சந்தேகமே இல்லை. லேத் மெஷின் ஓடுகிற இடம் தொழில் இல்லாமல் வேறென்ன?

பல்கலைக்கழகம் தொழிலா? இங்கேதான் சிக்கல்.

டெல்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு பெண்கள் கல்லூரியில் மாணவிகளுக்காக பஸ் விட்டார்கள். ராம்நாத் என்பவரும் இன்னொருவரும் அந்த பஸ்களின் டிரைவர்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழகம் கணக்குப் பார்த்தது. பஸ் விடுவதில் நஷ்டம். பஸ்ஸை நிறுத்து, டிரைவர்களையும் நிறுத்து என்று முடிவாகி, ஒரு மாதச் சம்பளத்தோடு இருவரையும் அனுப்பிவிட்டார்கள். அவர்கள் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போய் ஆட்குறைப்பு இழப்பீடு கேட்டார்கள். தீர்ப்பாயம் கொடுக்கச் சொன்னது. பல்கலைக்கழகம் விடவில்லை, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. இரண்டு டிரைவர்களின் இழப்பீட்டுக்கு இவ்வளவு தூரம் போகவேண்டுமா என்றால், பல்கலைக்கழகத்துக்குப் பயம் அந்தத் தொகையைப் பற்றியது இல்லை. இன்றைக்கு டிரைவர் என்றால் நாளைக்கு கிளார்க், நாளை மறுநாள் அட்டெண்டர்.

1963-ல் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி கஜேந்திரகட்கர். அவர் சொன்ன காரணம் இதுதான்: கல்வி என்பது ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து நடத்தும் காரியம். ஆசிரியர் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரமாட்டார். முக்கியமான வேலையைச் செய்பவரே தொழிலாளி இல்லாதபோது, ஓரத்தில் சின்ன வேலை செய்கிற டிரைவர், பியூனை வைத்துக்கொண்டு முழுப் பல்கலைக்கழகத்தையும் தொழில் என்று சொல்லமுடியாது. ஆக, பல்கலைக்கழகம் தொழில் இல்லை. தொழில் இல்லாத இடத்தில் தொழிலாளி எப்படி இருப்பார்? டிரைவர்கள் தோற்றார்கள்.

கொஞ்சம் நிதானமாகப் படித்தால் ஒன்று புரியும். டிரைவர் என்ன வேலை செய்தார் என்பதை வைத்து இந்தத் தீர்ப்பு முடிவாகவில்லை. *வேறொருவர்*, அதாவது ஆசிரியர், என்ன வேலை செய்கிறார் என்பதை வைத்து முடிவானது. வாத்தியார் உயர்ந்தவர் என்பதால் டிரைவருக்கு இழப்பீடு இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இதே கஜேந்திரகட்கர்தான் 1960-ல், பம்பாயின் ஜே.ஜே. ஆஸ்பத்திரி வழக்கில், ஆஸ்பத்திரியும் தொழில்தான், வார்டு ஊழியர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று எழுதியவர். அதே வருடம் நாக்பூர் மாநகராட்சி வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து டெல்லி போன சுப்பாராவ், மாநகராட்சியின் கல்வித் துறையும் தொழில்தான் என்று எழுதினார். மூன்று வருடத்துக்குள் கல்வி தொழிலாக இருந்து தொழில் இல்லாமல் போய்விட்டது. மாநகராட்சிப் பள்ளிக்கூட பியூனுக்கு ஒரு நியாயம், யுனிவர்சிட்டி டிரைவருக்கு ஒரு நியாயம்.

பதினைந்து வருடம் இப்படியே போனது. 1978 பிப்ரவரி 21-ல் பெங்களூர் குடிநீர் வாரியம் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்புச் சொன்னது. சட்டம் படிக்கிற யாரும், ஏன், பி.காம்.-மில் தொழில் சட்டம் ஒரு பேப்பராகப் படிக்கிறவர்களும் இந்தப் பெயரைத் தாண்டிப் போகமுடியாது. முக்கியமான தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டுக்காரர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை சட்டக் கல்லூரியிலும் படித்தவர், தலச்சேரியில் வக்கீலாக இருந்தவர், 1957 கேரள அமைச்சரவையில் மந்திரியாக இருந்தவர். அவருடைய இங்கிலீஷைப் படிக்க டிக்ஷனரி பக்கத்தில் வேண்டும் என்பது வேறு விஷயம்.

அவர் வைத்த பரிட்சை எளிமையானது. ஒழுங்கான முறையில் தொடர்ந்து நடக்கிற வேலையா? முதலாளியும் ஊழியரும் சேர்ந்து செய்கிறார்களா? மனிதர்களின் தேவைக்கான பொருளோ சேவையோ அதிலிருந்து வருகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அது தொழில். லாபம் வருகிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. டெல்லி பல்கலைக்கழகத் தீர்ப்பை அவர் நேராகவே எடுத்துக்கொண்டார். ஆசிரியர்கள் தொழிலாளி இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், அதனால் அங்கே இருக்கிற மற்ற எல்லோரும் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடுமா? பல்கலைக்கழகத்தில் கிளார்க்குகள், டிரைவர்கள், கடைநிலை ஊழியர்கள் என்று எத்தனை பேர்! அவர்களை "சின்ன விஷயம்" என்று ஒதுக்கமுடியாது. 1963 தீர்ப்பு தள்ளப்பட்டது. பல்கலைக்கழகமும் தொழில்தான் என்றானது. முதல் கதவு திறந்தது.

ராம்நாத்துக்கு இதனால் எதுவும் கிடைத்திருக்காது. முடிந்துபோன வழக்கு முடிந்துபோனதுதான்.

அரசுக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. 1982-ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. ஆஸ்பத்திரி, கல்வி நிலையம், ஆராய்ச்சி நிலையம் எல்லாம் தொழில் கிடையாது என்று புது வரையறை. திருத்தத்தின் மற்ற பகுதிகள் 1984-ல் அமலுக்கு வந்தன. இந்த ஒரு பகுதியை மட்டும் எந்த அரசும் அமல்படுத்தவே இல்லை. இந்த ஊழியர்களுக்கென்று மாற்றாக ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தார்கள், அந்தத் தனிச் சட்டமும் வரவில்லை. சட்டப் புத்தகத்தில் அச்சாகி, அடியில் "இன்னும் அமலுக்கு வரவில்லை" என்ற குறிப்போடு நாற்பது வருடத்துக்கு மேல் அந்த வரையறை கிடந்தது. காங்கிரஸ், ஜனதா தளம், பா.ஜ.க. என்று எல்லோரும் ஆண்டார்கள். எல்லோரும் அப்படியே விட்டார்கள்.

சரி, முதல் கதவு திறந்தாகிவிட்டது. ஆசிரியர்கள் இரண்டாவது கதவுக்கு வந்தார்கள்.

வந்தவர் பெயர் சுந்தராம்பாள். கோவாவில் கிறிஸ்தவக் கன்னியர்கள் நடத்திய ஒரு பள்ளியில் ஆசிரியை. 1975-ல் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். பிரச்சினையைத் தொழில் தீர்ப்பாயத்துக்கு அனுப்புங்கள் என்று அரசிடம் கேட்டார். நீங்கள் தொழிலாளி இல்லையே, எப்படி அனுப்புவது என்றது அரசு. 1988-ல், அதாவது வேலை போய் பதின்மூன்று வருடம் கழித்து, சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னது. பள்ளிக்கூடம் தொழில்தான், அதில் மறுப்பு இல்லை. ஆனால் தொழிலாளி என்பவர் உடலுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்தர் வேலை, மேற்பார்வை என்று சட்டம் கொடுத்த பட்டியலில் ஏதாவது ஒன்றைச் செய்யவேண்டும். பாடம் நடத்துவது அந்தப் பட்டியலில் இல்லை. அது ஒரு உன்னதமான பணி. மார்க் ஷீட் எழுதுவது, அட்டெண்டன்ஸ் எடுப்பது எல்லாம் எழுத்தர் வேலைதானே என்றால், அது பாடம் நடத்துவதோடு ஒட்டிவரும் சில்லறை வேலை, கணக்கில் வராது.

ஆக நிலைமை தலைகீழானது. அதே வளாகத்தில் டிரைவரை நிறுத்தினால் அவர் லேபர் கோர்ட்டுக்குப் போகலாம். ஆசிரியரை நிறுத்தினால் அவர் போகமுடியாது. அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி ஆசிரியர்களுக்கு வேறு விதிகள் உண்டு, அவர்கள் தப்பித்தார்கள். அடி வாங்கியது சுயநிதிக் கல்லூரிகளில் இருப்பவர்கள். தமிழ்நாட்டில் எண்பதுகளின் நடுவிலிருந்து அப்படிப்பட்ட கல்லூரிகள்தான் சென்னையைச் சுற்றி முளைத்தன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை பாதுகாப்பை விடுங்கள், பணத்துக்கு வருவோம். கிராஜுவிட்டி, தமிழில் பணிக்கொடை. 1972 சட்டம். குறைந்தது ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு வெளியே வருபவருக்கு, கடைசியாக வாங்கிய சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்கினால் வரும் தொகை. முதலில் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம், கடை மாதிரி இடங்களுக்குத்தான் இருந்தது. 1997 ஏப்ரல் 3-ல் மத்திய அரசு ஒரு அறிவிக்கை மூலம் பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கல்வி நிலையங்களுக்கும் இதை நீட்டியது. ஆசிரியர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

2004 ஜனவரியில் அகமதாபாத் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் சங்கத்தின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. இந்தச் சட்டத்திலும் "ஊழியர்" என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு: திறன் பெற்ற, ஓரளவு திறன் பெற்ற, திறன் பெறாத, உடலுழைப்பு, மேற்பார்வை, தொழில்நுட்பம், எழுத்தர். பாடம் நடத்துபவர் திறன் பெற்றவர்தானே என்று வாதாடினார்கள். அந்த அர்த்தத்தில் அந்தச் சொல் இங்கே வரவில்லை என்று சொல்லிவிட்டது கோர்ட். நிலையம் சட்டத்துக்குள் வந்துவிட்டது, ஆசிரியர் மட்டும் வரவில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு கல்லூரியில் அட்டெண்டர் ஒருவர் இருபது வருடம் வேலை பார்த்து 5,200 ரூபாய் சம்பளத்தில் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 5,200-ஐ 26-ஆல் வகுத்தால் 200. 15-ஆல் பெருக்கினால் 3,000. இருபது வருடத்துக்கு 60,000. அதே நாளில் அதே கல்லூரியில் இருபது வருடம் பாடம் நடத்தியவர் 10,400 சம்பளத்தில் ஓய்வு பெறுகிறார். சூத்திரப்படி 1,20,000 வரவேண்டும். 2004 தீர்ப்புப்படி அவருக்கு இந்தச் சட்டத்தின் கீழ் வருவது பூஜ்யம். கையில் பூமாலை, ஒரு சால்வை, குரூப் போட்டோ.

நீதிபதிகளுக்கும் இது உறுத்தியிருக்கவேண்டும். ஆசிரியர்களுக்குக் கிராஜுவிட்டி கூடாது என்று நாங்கள் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சட்டத்தில் இடமில்லை, பாராளுமன்றம்தான் பார்த்துச் செய்யவேண்டும் என்ற அர்த்தத்தில் தீர்ப்பிலேயே எழுதினார்கள்.

வேறு நாடுகளிலும் இந்தக் கூத்து உண்டு. அமெரிக்காவில் 1980-ல் யெஷிவா பல்கலைக்கழக வழக்கு. ஆசிரியர்கள் சங்கம் வைத்து நிர்வாகத்தோடு பேரம் பேச உரிமை கேட்டார்கள். அங்கே சொல்லப்பட்ட காரணம் வேறு: பாடத்திட்டம் என்ன, யாரைச் சேர்ப்பது, மார்க் எப்படி என்பதையெல்லாம் ஆசிரியர்களே முடிவு செய்கிறார்கள், எனவே அவர்கள் ஊழியர்கள் இல்லை, நிர்வாகிகள்! ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு. இந்தியாவில் "உன்னதமானவர்", அமெரிக்காவில் "மேனேஜர்". மரியாதைக்கு மட்டும் இரண்டு நாட்டிலும் குறைவில்லை.

பாராளுமன்றம் ஐந்து வருடம் எடுத்துக்கொண்டது. 2009-ல் கிராஜுவிட்டி சட்டம் திருத்தப்பட்டது. நீளமான பட்டியலைத் தூக்கிவிட்டு, உடலுழைப்போ வேறு விதமோ, *எந்த வகை வேலையாக இருந்தாலும்* என்று எழுதினார்கள். முக்கியமாக, 1997 ஏப்ரல் 3-லிருந்தே இது செல்லும் என்று பின்தேதியிட்டார்கள். அதாவது இடையில் ஓய்வு பெற்றுப் போன ஆசிரியர்களுக்கும் பாக்கி தரவேண்டும். தனியார் பள்ளிகள் சும்மா இருக்குமா? முடிந்துபோன வருடங்களுக்கு இப்போது எப்படிப் பணம் கேட்கலாம் என்று வழக்குப் போட்டார்கள். அது சுப்ரீம் கோர்ட்டில் 2022 ஆகஸ்ட் 29-ல் முடிந்தது. திருத்தம் செல்லும், ஆறு வாரத்துக்குள் வட்டியோடு கொடுங்கள் என்று உத்தரவு. 1997-ல் அறிவித்த ஒன்று 2022-ல் உறுதியானது. இருபத்தைந்து வருடம். 1998-ல் ஓய்வு பெற்ற ஒருவருக்கு அப்போது எண்பது வயதைத் தாண்டியிருக்கும், இருந்திருந்தால்.

கிராஜுவிட்டி விஷயம் இப்படிச் சரியானது. தொழில் தகராறுகள் விஷயம் சரியாகவில்லை. பெங்களூர் குடிநீர் வாரியத் தீர்ப்பைத் திரும்பப் பார்க்கவேண்டும் என்று 2005-ல் ஒரு அமர்வு சொன்னது. 2017-ல் அது ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

இதற்கிடையில் சட்டமே மாறிவிட்டது. 2025 நவம்பர் 21-லிருந்து நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. 1947 சட்டம், 1972 சட்டம் இரண்டும் அவற்றுக்குள் போய்விட்டன. நாற்பத்துமூன்று வருடம் அமலாகாமல் கிடந்த அந்த 1982 வரையறையும் அமலாகாமலேயே போய்ச் சேர்ந்தது. பணிக்கொடை இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இருக்கிறது. அதில் ஊழியர் பட்டியல் மறுபடியும் நீளமாக வந்திருக்கிறது, ஆனால் கடைசியில் "வேறு எந்த வேலையும்" என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறார்கள். அகமதாபாத் பாடம். தொழில் உறவுகள் தொகுப்பிலோ, தொழிலாளி என்பதற்கு அதே பழைய பட்டியல்தான். பத்திரிகையாளர்களையும் விற்பனைப் பிரதிநிதிகளையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். ஆசிரியர் என்ற சொல் அதில் இல்லை. முதல் கதவிலும் ஒரு சின்ன மாற்றம் உண்டு: தர்ம காரியம், சமூக சேவை செய்யும் அமைப்புகள் நடத்தும் நிலையங்கள் தொழில் ஆகாது என்று எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலான தனியார் கல்லூரிகளின் போர்டில் மேல் வரியில் என்ன இருக்கும்? இன்னார் கல்வி *அறக்கட்டளை*.

அந்த வரியைக் காட்டி எந்தக் கல்லூரியாவது ஒரு பஸ் டிரைவரை மறுபடியும் வெளியே நிறுத்தப் பார்த்தால், வழக்கு 1963-லிருந்து திரும்பவும் ஆரம்பிக்கும்.